பத்திரம் என் பேரில், ரோடு மேப்பில்

கேள்வி: வைகைக்கு வடகரையில், 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்த ஒரு பகுதியில் எங்கள் அப்பா 1988இல் 11 சென்ட் இடம் வாங்கினார். அவர் காலமான பிறகு நானும் இரண்டு அண்ணன்மார்களும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து பிரித்துக்கொண்டோம். கிழக்கு ஓரமாக மூன்றரை சென்ட் என் பங்கு. பட்டாவும் என் பேருக்கு மாறிவிட்டது. வீடு கட்ட பிளான் போட்டால், 'விரிவு அபிவிருத்தித் திட்டத்தில் 60 அடிச் சாலைக்குள் வருகிறது' என்று திருப்பிவிட்டார்கள். அங்கே இன்றுவரை ரோடும் இல்லை, ரோடு போட ஆளும் வரவில்லை. பக்கத்து இடத்துக்காரர் அனுமதியே இல்லாமல் மாடி வீடு கட்டிக் குடியிருக்கிறார். பெரிய அண்ணன் 'பட்டா இருக்கும்போது யார் கேட்பது, கட்டு' என்கிறார். இன்ஜினியர் 'சுயசான்றில் போட்டுவிடலாம், யாரும் வந்து பார்க்க மாட்டார்கள்' என்கிறார். ஒரு புரோக்கர் பாதி விலைக்குக் கேட்கிறார். இன்னொருவர், ரோட்டுக்குப் போகும் பகுதியைத் தானமாக எழுதிக் கொடுத்தால் மீதிக்கு அப்ரூவல் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இந்த இடம் என்னுடையதா, இல்லையா?

— ஊர்ப்பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி

பதில்:

சகோதரி, இடம் உங்களுடையதுதான். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் 'என்னுடையது' என்பதும் 'இதில் நான் கட்டலாம்' என்பதும் நம் சட்டத்தில் இரண்டு தனித்தனிக் கேள்விகள். உங்களுக்கு யோசனை சொன்ன நான்கு பேருமே இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். புரோக்கரை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன், அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

அண்ணன் சொல்வதை முதலில் பார்த்துவிடுவோம். பத்திரம், இடம் உங்களுக்கு எப்படி வந்தது என்று சொல்லும். பட்டா, வருவாய்த் துறைக் கணக்கில் அது யார் பேரில் நிற்கிறது என்று சொல்லும். அங்கே வீடு கட்டலாமா, கடை கட்டலாமா, ஒன்றுமே கட்டக்கூடாதா என்பதை இரண்டுமே சொல்லாது. அதைச் சொல்வது மூன்றாவது ஒரு காகிதம். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் கீழ் போடப்படும் திட்டம் அது. ஊர் முழுவதற்கும் போடுவது முழுமைத் திட்டம். அதற்குள் ஒரு பகுதியை எடுத்து, எந்தத் தெரு எத்தனை அடி, பூங்கா எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று சர்வே நம்பர் வாரியாக வரைவது விரிவு அபிவிருத்தித் திட்டம். 1920ஆம் வருடத்து மெட்ராஸ் நகரமைப்புச் சட்டத்தில் இதற்கு 'ஸ்கீம்' என்று பெயர். அந்தச் சட்டம் போய் அரை நூற்றாண்டு ஆகியும் நம் ஆட்கள் இன்றும் 'ஸ்கீம் ரோடு' என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த மூன்றாவது காகிதத்தைப் பத்திர ஆபீஸில் தேடினால் கிடைக்காது. வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போட்டாலும் ஸ்கீம் ரோடு அதில் வராது. பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். திட்ட வரைபடம் பதிவாகிற ஆவணம் இல்லை. நான் வக்கீலாகிச் சில வருடங்கள் ஆன நேரத்தில், வில்லங்கத்தைப் பார்த்தேன், மூலப்பத்திரத்தைப் பார்த்தேன், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி மனைவியின் நகையை வைத்து ஒரு மனை வாங்கினேன். பாதி மனை பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கிய இடத்தில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. மற்றவர்களுக்குப் பத்திரம் பார்த்துக் கொடுப்பவன் சொந்த விஷயத்தில் கோட்டைவிட்ட கதை அது. வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். ஆகவே உங்கள் அப்பா ஏமாந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். 1988இல் இதைப் பார்த்து வாங்கியவர்கள் ரொம்பக் குறைவு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிலத்தின் மேல் கோடு போடச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. ஆனால் போட்டுவிட்டு அப்படியே விட்டுவைக்க அதிகாரம் இல்லை. 1971 சட்டத்தின் 38ஆம் பிரிவை யாராவது உங்களிடம் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். அதன் சாரம் இதுதான்: திட்டம் தயாரானது பற்றி 26 அல்லது 27ஆம் பிரிவின்படி அரசிதழில் அறிவிப்பு வந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள், அந்த நிலத்தை எடுப்பதற்கு 37(2)ஆம் பிரிவின்படி அறிவிக்கை வெளியிட வேண்டும், அல்லது உரிமையாளரோடு பேசி ஒப்பந்தத்தில் வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும்.

'கருதப்படும்' என்ற சொல்லில்தான் உங்கள் பலமும் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது. பலம் என்னவென்றால், யாரும் தயவு பண்ணி விடுவிக்க வேண்டியதில்லை. மூன்று வருடம் முடிந்த அன்றே சட்டம் விடுவித்துவிட்டது. சிக்கல், வரைபடத்தை யாரும் திருத்தி வரைய மாட்டார்கள். கோடு அங்கேயே இருக்கும். சீட்டில் இருப்பவர் கம்ப்யூட்டரில் உங்கள் சர்வே நம்பரைத் தட்டுவார், ரோடு என்று வரும், விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கும் கோட்டைத் தன் கையெழுத்தில் அழிக்க எந்த அலுவலருக்கும் மனம் வராது. சட்டப்படி செத்துப்போன கோட்டுக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கும் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

எங்கே ஆரம்பிப்பது? விண்ணப்பம் திரும்பியதற்குக் காரணம் சொல்லும் உத்தரவு எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். 'இன்ஜினியர் சொன்னார்' என்பது போதாது. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று. நீளமாகக் கதை எழுதாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அப்பா இடம் வாங்கியதிலிருந்து ஆரம்பித்து மூன்று பக்கம் எழுதிவிட்டுக் கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். உங்கள் சர்வே எண்ணைச் சொல்லி நான்கே கேள்வி கேளுங்கள்: இந்தத் திட்டத்துக்கு 27ஆம் பிரிவின் அறிவிப்பு அரசிதழில் வந்த தேதி என்ன, இந்த நிலத்துக்கு 37(2) அறிவிக்கை வந்திருக்கிறதா, ஒப்பந்தத்தில் வாங்கியிருக்கிறார்களா, பின்னால் திட்டம் திருத்தப்பட்டு இந்தச் சாலை மறுபடி அறிவிக்கப்பட்டதா. கூடவே திட்ட வரைபடத்தில் உங்கள் இடம் வரும் பகுதியின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

நாலாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். திட்டத்தைத் திருத்தும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. பழைய கோடு காலாவதியான பிறகு முறைப்படி புதிதாக அறிவித்திருந்தால், மூன்று வருடக் கணக்கு புதிய தேதியிலிருந்து ஓடுகிறது என்று எதிர்த்தரப்பு வாதாடும். அந்தத் தேதி தெரியாமல் வழக்குப் போடுவது வெறுங்கையோடு போவது.

இதற்கிடையில் ஒரு சர்வேயரை வைத்து, உங்கள் சர்வே நம்பரின் அளவுப் படமான புலப்படத்தின் மேல் திட்ட வரைபடத்தைப் பொருத்திப் பாருங்கள். 60 அடி ரோடு என்றதும் மூன்றரை சென்ட்டும் போச்சு என்று மனசு ஒடிந்திருப்பீர்கள். பல இடங்களில் அப்படி இருப்பதில்லை. மூன்றரை சென்ட் என்பது சுமார் 1,525 சதுர அடி. ரோடு உங்கள் கிழக்கு எல்லையில் எட்டடி, பத்தடிதான் உரசுகிறதா, குறுக்கே பிளக்கிறதா என்பதைப் பொறுத்து அடுத்த முடிவெல்லாம் மாறும். தானம் கேட்பவருக்குப் பதிலும் அதில்தான் இருக்கிறது. சில அடிதான் போகிறது, மீதியில் வசதியாக வீடு வரும் என்றால், கோர்ட்டில் காலம் கழிப்பதைவிட அந்தத் துண்டைத் தானமாகக் கொடுத்துவிட்டு வீடு கட்டுவது சிலருக்கு லாபமாக இருக்கும். அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் தானம் உங்கள் விருப்பம், கடமை இல்லை. அளவும் நான்கெல்லையும் எழுதாத தானப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இடைத்தரகர் பேருக்குப் பவர் கொடுக்காதீர்கள். தானம் உள்ளாட்சி அமைப்பின் பேருக்குத்தான் போக வேண்டும். பாதிக்கு மேல் ரோட்டில் போகிறது என்றால் தானம் என்ற பேச்சையே எடுக்கவிடாதீர்கள்.

தகவல் மனுவுக்குப் பதில் வந்து, 37(2) அறிவிக்கை இல்லை, வாங்கவும் இல்லை என்று தெரிந்தால், 38ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, அந்தப் பதிலையே இணைத்து ஒரு மனு கொடுங்கள். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. நியாயமான அவகாசம் கொடுத்தும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட். 2004 ஜூலைக்கு முன்பு இதற்கு ராத்திரி ரயில் பிடித்துச் சென்னைக்குப் போக வேண்டும், இப்போது உலகனேரிக்கு டவுன் பஸ் போதும். 38ஆம் பிரிவு அந்த நீதிமன்றத்துக்குப் புதிது அல்ல. மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் உத்தரவு போடு என்று அனுப்புவதும் உண்டு, ஒதுக்கீடு காலாவதியாகிவிட்டது என்று நேரடியாகச் சொல்வதும் உண்டு. ஆதாரம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இரண்டாவது வகை உத்தரவை எதிர்பார்க்கலாம்.

சொத்துரிமை அடிப்படை உரிமைப் பட்டியலில் இல்லை என்று யாராவது உங்களைப் பயமுறுத்தலாம். 1978இல் 44ஆவது திருத்தத்தின் மூலம் எடுத்துவிட்டார்கள், உண்மைதான். ஆனால் அதே திருத்தம் அரசியலமைப்பில் 300ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக்கூடாது என்பது அது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது. பூங்காவுக்காக ஒரு தனியார் இடத்தை மாநகராட்சி தன்னுடையது என்று கொண்டாடிய வழக்கு அது. நோட்டீஸ் தர வேண்டும், ஆட்சேபம் கேட்க வேண்டும், காரணத்தோடு முடிவெடுக்க வேண்டும், பொதுநோக்கம் இருக்க வேண்டும், நியாயமான இழப்பீடு தர வேண்டும், காலத்துக்குள் நடத்த வேண்டும், நடவடிக்கையை முடித்து வைக்கவும் வேண்டும் என்று ஏழு அம்சங்களை நீதிமன்றம் எண்ணிக் காட்டியது. உங்கள் இடத்தில் இந்த ஏழில் எத்தனை நடந்திருக்கிறது? கடிதத்தைப் பார்த்தால் ஒன்றுகூட நடந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று, எல்லாக் கோட்டுக்கும் இந்த மூன்று வருட ஆயுள் கிடையாது. இதைத் தெரியாமல் 38, 38 என்று ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு, நினைவுச் சின்னங்களைச் சுற்றி முதல் 100 மீட்டரில் கட்டவே கூடாது, அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும் என்ற தொல்லியல் சட்டத்தின் தடை, இவையெல்லாம் காலாவதி ஆகாது. அங்கே அரசு நிலத்தை எடுக்கப்போவதில்லை. நீங்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று மட்டும் சொல்கிறது. கண்மாய், ஓடை என்றால் பேச்சே வேண்டாம். அதே மாதிரி, உங்கள் அப்பா வாங்கியது அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டாக இருந்து, அதில் பூங்காவுக்கென்று விட்ட பொது இடத்தை யாரோ மனையாக விற்றிருந்தால் 38 கை கொடுக்காது. பெரிய லேஅவுட்களில் திறந்தவெளிக்குப் பத்து சதவீதம் விடச் சொல்லும் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2023இல் சொல்லிவிட்டது. நிலத்தை எடுப்பதற்காக ஒதுக்கிவிட்டு எடுக்காமல் வைத்திருப்பது மட்டும்தான் 38இன் கதை.

1988 என்றதும் எனக்கு இன்னொரு சந்தேகம் வருகிறது. அந்தக் காலத்தில் ஊராட்சித் தலைவர் கையெழுத்தை வைத்து 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்ற மனைகள் ஏராளம். அது லேஅவுட் அங்கீகாரம் ஆகாது. உங்களுடையதும் அப்படி என்றால், 2017 விதிகளின்படி மனை வரன்முறை செய்வது தனி வேலை. 20.10.2016க்கு முன் விற்ற மனைகளுக்கு அந்த வழி உண்டு. ரோடு பிரச்சினை தீர்ந்த பிறகு இதற்காக இன்னொரு முறை விண்ணப்பம் திரும்பி வரக்கூடாது, ஆகவே இப்போதே பார்த்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக் கட்டாதீர்கள். அவர் வீட்டு வரி ரசீதைக் காட்டுவார். வரி ரசீது அனுமதி ஆகாது. வரி வாங்கும் பிரிவு வேறு, பிளான் பிரிவு வேறு. அனுமதியில்லாத கட்டடத்தை நோட்டீஸ் கொடுத்து இடிக்கவும் பூட்டி முத்திரை வைக்கவும் 1971 சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளில் அதிகாரம் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் 2024 நவம்பர் தீர்ப்புக்குப் பிறகு இடிக்குமுன் பதினைந்து நாள் நோட்டீஸ் கட்டாயம். ஆனால் அடுத்த மாதமே இன்னொரு தீர்ப்பில், இத்தனை வருடம் அதிகாரிகள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள் என்பதால் சட்டவிரோதக் கட்டடம் சட்டபூர்வமாகிவிடாது என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைவிட நடைமுறைக் காரணம் ஒன்று இருக்கிறது. இன்று 38இன்படி உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அனுமதியில்லாமல் அஸ்திவாரம் தோண்டிய அன்றே நீங்கள் சட்டத்தை மீறியவர், கோர்ட்டில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தான் வரும்.

இன்ஜினியர் சொல்லும் சுயசான்றும் அதே கணக்குத்தான். 2024 ஜூலையில் வந்த நல்ல திட்டம் அது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் முதல் மாடியும், ஆன்லைனில் உடனே அனுமதி. உங்கள் மனை அளவு அதற்குள் வரும். ஆனால் சான்று சொல்வது நீங்கள். ஒருமுறை ரோடு என்று எழுத்தில் திரும்பிய மனையை, தெரிந்துகொண்டே மறைத்துக் கையெழுத்துப் போட்டால், அனுமதி ரத்தாகும்போது இன்ஜினியர் பக்கத்தில் நிற்க மாட்டார்.

புரோக்கர் ஏன் பாதி விலைக்கு வாங்குகிறார்? ரோட்டில் போகும் இடம் அவருக்கு எதற்கு? ஒன்று, கோடு செத்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். அல்லது, ரோட்டுக்கு எடுத்தால் 2013 நிலமெடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பும் அதே அளவு ஆறுதல் தொகையும் வரும் என்று தெரியும். இரண்டில் எதுவானாலும் அந்த லாபம் உங்களுடையது. விற்றே தீர வேண்டிய நெருக்கடி என்றால் விற்கலாம், ரோடு விஷயத்தை மறைக்காமல், கிரயப் பத்திரத்திலேயே எழுதி.

நூறு வருடத்துக்கு முன்னால் பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மெட்ராஸ் மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து நகரமைப்பு அறிக்கைகள் எழுதினார். மதுரையும் அதில் உண்டு. ஸ்கேலை வைத்து நேர்கோடு இழுத்துக் குடியிருப்புகளைக் கிழிக்காதே, இருப்பதைப் பார்த்துப் பார்த்துத் திருத்து என்பதுதான் அவர் கட்சி. ரோடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காளவாசல் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது நானும் திட்டமிட்டவர்களைத் திட்டுகிறவன்தான். ரோடு வேண்டும் என்றால் பணம் கொடுத்து எடுக்கட்டும்.

கடைசியாக, கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. கிழக்கு ஓரம் உங்களுக்கு வந்ததும், கோடு கிழக்கில் இருப்பதும் தற்செயல்தானா என்று உங்களுக்கே ஒரு நெருடல் இருப்பது வரிகளுக்கு நடுவில் தெரிகிறது. அண்ணன்மார்களுக்கும் தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'கட்டு' என்று சொல்கிறவருக்குக் கோடு இருப்பது முன்பே தெரிந்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார். புலப்படத்தைப் பொருத்திப் பார்க்கும் அன்று அவர்களையும் கூப்பிடுங்கள். 60 அடி ரோடு உங்கள் பங்கோடு நின்றுவிடுகிறதா, அவர்கள் பங்கிலும் நுழைகிறதா என்று நேரில் பார்க்கட்டும். நுழைந்தால் மூவரும் சேர்ந்து ஒரே மனு, ஒரே வழக்கு, செலவும் மூன்றில் ஒன்று. உங்கள் பங்கோடு நின்றாலும், அப்பா பேரில் இருந்த மூலப்பத்திரமும் பழைய வரி ரசீதுகளும் பெரிய அண்ணனிடம்தான் இருக்கும். வழக்குக்கு அவை வேண்டும். வார்த்தை முற்றுவதற்கு முன் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தகவல் மனுவுக்குப் பதில் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அரசிதழ் தேதியைப் பார்த்துவிட்டு மனுவை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.